நூறு வாங்கிய தொனாத்தாவின் முதல் வருடம்

முதல் நாள் வகுப்பில் தொனாத்தா கொலவீத்தா கை தூக்கினாள். அறையில் நூற்றெண்பது பேர். பேராசிரியர் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார். அவள் கையை இறக்கவில்லை. வலித்தபோது இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் அவர் பார்த்தார்.

"சொல்லுங்க, என்ன சந்தேகம்?"

"பாத்ரூம் போகலாமா சார்?"

அறை முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கதவு பூட்டியிருக்கிறதோ என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "போங்களேன். இதையெல்லாம் எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

அவளுக்கு நேர் பின்வரிசையில் நான். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, மறைத்து என்ன பயன். அன்று சாயங்காலம் ஹாஸ்டலில் எனக்கு ஒதுக்கிய அறையைத் திறந்தால், ஒரு கட்டிலில் அதே பெண் உட்கார்ந்து, கயிறு கட்டிய பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே எண்ணெயில் ஊறிய தொத்திறைச்சி, தக்காளிச் சாறு பன்னிரண்டு பாட்டில், கழுத்தில் கயிறு மாட்டிய ஒரு முழுப் பாற்கட்டி.

"நான் மார்ட்சியா. ஊரு குப்பியோ. நீ எந்த ஊரு?"

"மொலீசே பக்கம்."

"அப்படி ஒரு மாகாணமே கிடையாதுன்னு எல்லாரும் கேலியா சொல்றாங்களே."

"ஆமா, கிடையாது. நான் ஆவி. இந்தா, ஆவி கொண்டாந்த பாற்கட்டி, தின்னு."

அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. பள்ளி முடித்துவிட்டு இந்த வருடம் எங்கள் பெரூஜா பல்கலைக்கழகத்துக்கோ வேறெங்கோ படிக்கப் போகிற எல்லாரும் தொனாத்தாவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. அவளிடம் கேட்டேன். "எழுதிக்கோ, பாத்ரூம் விஷயத்தை மட்டும் விட்டுடு" என்றாள். விட முடியவில்லை.

அவள் ஊரில் மொத்தம் தொள்ளாயிரம் பேர். அப்பா பால் வண்டி ஓட்டுகிறார். அம்மா இன்கொரொனாத்தா ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறாள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் தொனாத்தாவின் வகுப்பில் பதினான்கு பேர். ஆசிரியை உள்ளே வந்தால் பதினான்கு பேரும் எழுந்து நிற்பார்கள். பள்ளிக் கடைசிப் பரீட்சையில் அவள் நூற்றுக்கு நூறு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிரியார் அதை அறிவித்தார். ரொட்டிக்கடைக் கண்ணாடியில் அவள் படத்தை ஒட்டினார்கள். அந்தப் படம் கிறிஸ்துமஸ் வரைக்கும் அங்கேயே இருந்ததாம்.

எப்படி வாங்கினாள் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. ஆசிரியைகள் சொன்னதைச் சொன்னபடி செய்தாள், அவ்வளவுதான். பதினேழாம் பக்கம் வரை படி என்றால் பதினேழு, ஒரு பக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாய்மொழித் தேர்வில் பத்துக்கு ஏழு மதிப்பெண் வந்து, "உன்னால இன்னும் நல்லா பண்ண முடியும்" என்று ஆசிரியை சொன்னால், வியாழக்கிழமை மறுபடி வந்து சொல் என்று அர்த்தம். வியாழக்கிழமை போவாள். ஒன்பது கிடைக்கும். பதிமூன்று வருடம் இப்படியே ஓடியது.

எங்கள் விவசாயப் பட்டப்படிப்பில் யாரும் அவளிடம் எதையும் சொல்லவில்லை.

ஒன்பது மணி வகுப்பு என்றால் ஒன்பதே காலுக்குத்தான் தொடங்கும். தொனாத்தா எட்டே முக்காலுக்கே முன்வரிசையில் இருப்பாள். இரண்டாம் நாள் பேராசிரியர் நுழைந்ததும் எழுந்து நின்றாள், தனியாக. அவர் தனக்குப் பின்னால் வேறு யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கினார். நவம்பரில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தாள். மூன்றாம் நாள், அம்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிய விடுப்புக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு போய் வேதியியல் பேராசிரியரிடம் நீட்டினாள். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதை நான் யார்கிட்ட குடுக்கணும்?"

"நீங்க வச்சுக்கணும் சார். நான் வரலைங்கறதுக்கு."

"நீங்க வந்தீங்களாங்கறதே எனக்குத் தெரியாதே."

இதைவிட அவளைக் குழப்பியது மரியாதைதான். பள்ளியில் எல்லா ஆசிரியையும் அவளை "நீ" என்பார்கள், "தொனா" என்பார்கள். இங்கே வெள்ளைத் தலைப் பேராசிரியர்கள் "நீங்க" போட்டு, "சின்யோரீனா கொலவீத்தா", அதாவது செல்வி கொலவீத்தா, என்றார்கள். முதல் தடவை அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று.

அக்டோபர், நவம்பரெல்லாம் அவளுக்குச் சொர்க்கமாக இருந்தது. "மார்ட்சியா, யாரும் கேள்வியே கேக்க மாட்டேங்கறாங்கடி" என்பாள், கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு. ஜனவரியில் கேட்டார்கள். கணிதத் தேர்வுக்கு நான்கு பேனா, அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில் சகிதம் போனாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"என் பேரை யாரு போடணும்?" என்று கதவருகே நின்ற ஒரு பையனைக் கேட்டாள்.

"நீதான். அஞ்சு நாளைக்கு முன்னாடி இணையத்துல."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்ல மாட்டாங்க."

அந்தப் பையன்தான் ஒரெஸ்தே. ஃபொலீஞ்ஞோ ஊர்க்காரன், எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவன், ஆனால் தாவரவியல் தேர்வை மட்டும் மூன்று தடவை முயன்றும் முடிக்காதவன். எங்கள் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு திறந்த கதவோடு நடக்கும். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். ஒரெஸ்தே எல்லாத் தேர்வுக்கும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விகளை ஒரு பச்சை நோட்டில் எழுதிவைப்பான். நோட்டு நிறைந்துவிட்டது. தேர்வுதான் முடிந்தபாடில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஹாஸ்டல் அறையும் மெஸ் சாப்பாடும் இலவசம். ஆனால் முதல் வருடம் ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் இருபது கிரெடிட் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அறை போய்விடும். தொனாத்தாவின் ஊர் ஐந்து மணி நேரப் பஸ் தூரம், தினம் வந்துபோக முடியாது. வாடகைக்கு அறை எடுக்க வீட்டில் வழியில்லை. ஊர்ப் பக்கம் காம்போபாஸ்ஸோவில் மாமா ஒருவர் சூப்பர்மார்க்கெட் வைத்திருக்கிறார். "அறை போச்சுன்னா ஒண்ணும் கவலைப்படாதே, மாமா கடையில கல்லாவுல உக்கார ஒரு இடம் இருக்கு" என்று அப்பா ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் நகம் கடிக்க ஆரம்பித்தாள்.

ஜூன் மாதம் அவளிடம் பன்னிரண்டு கிரெடிட் இருந்தது: வேதியியலில் ஆறு, விலங்கியலில் ஆறு. பட்டியல் கூத்தில் தவறிய கணிதம், பிறகு எழுதியபோதும் தேறவில்லை. தாவரவியலுக்கு ஒன்பது. அதைத் தாண்டினால் இருபத்தொன்று, அறை நிற்கும்.

அறுநூற்று நாற்பது பக்கப் புத்தகத்தை அவள் பள்ளியில் படித்த மாதிரியே படித்தாள், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, சத்தமாக. தூக்கத்தில்கூட எனக்கு இலைத்துளைகள் திறந்து மூடின.

தாவரவியல் பேராசிரியை மென்காரெல்லி மேடம், ஐம்பது வயதுக்காரர், கறாரானவர், ஆனால் மனம் நோகப் பேசாதவர். ஜூன் பதினெட்டாம் தேதி தொனாத்தா அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நானும் ஒரெஸ்தேவும் பின்வரிசையில் இருந்தோம். இலைத்துளை பற்றிக் கேட்டார். தொனாத்தா ஒப்பித்தாள், அரைப்புள்ளி முற்றுப்புள்ளி மாறாமல். பெரணிச் செடியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கேட்டார். அதையும் ஒப்பித்தாள்.

"போதும் போதும், புத்தகத்தை நானும் படிச்சிருக்கேன்" என்று மேடம் சொல்லி, ஜாடியிலிருந்து ஒரு மரக்குச்சியை எடுத்துக் கொடுத்தார். "இதுக்கு எத்தனை வயசு?"

தொனாத்தா குச்சியைப் பார்த்தாள். புத்தகத்தில் அந்தக் குச்சி இல்லை.

"மூணாவது கேள்விக்குப் பதில் இல்லை. பரவால்லை, இருபத்தி மூணு." முப்பதுக்கு இருபத்து மூன்று. பதினெட்டு எடுத்தாலே தேர்ச்சி. "ஏத்துக்கறீங்களா?"

இங்கே மதிப்பெண்ணை ஏற்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். வேண்டாம் என்றால் அடுத்த தேர்வில் முதலிலிருந்து. தொனாத்தாவுக்கு அது தெரியும். ஆகஸ்ட் பத்தும் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். அப்போது மேடம் கணினியைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்:

"உங்களால இன்னும் நல்லா பண்ண முடியும், தெரியுது."

"சரி மேடம்" என்றாள் தொனாத்தா. "மறுபடி வரேன்."

மேடம் ஒரு கணம் அவளைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார், கணினியில் ஏதோ தட்டினார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

தாழ்வாரத்தில் காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரெஸ்தே அவளைப் பிடித்துக்கொண்டான். "தாயே, உனக்கு மூளை கலங்கிடுச்சா? எனக்கு இருபத்தி மூணு குடுத்திருந்தா நான் அந்த மேசையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

"மேடம் மறுபடி வரச் சொன்னாங்களே."

"எப்போ சொன்னாங்க?"

"இன்னும் நல்லா பண்ண முடியும்னு சொன்னாங்கல்ல?"

"அது சும்மா சொல்றது. எங்கிட்டகூட சொல்வாங்க. என்னைப் பாத்துமே சொல்றாங்கன்னா யோசிச்சுக்கோ."

தொனாத்தாவின் முகம் மெல்ல மாறியதை நான் பார்த்தேன். ஒரு வார்த்தையை ஆணை என்று எடுத்துக்கொண்டு ஒன்பது கிரெடிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இதைத் திமிரில் செய்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கீழ்ப்படிந்துதான் செய்தாள்.

"சரி" என்றாள். "அடுத்த வியாழக்கிழமை ஒரு நேரம் கேட்டுப் பாக்கறேன்."

"வியாழக்கிழமையா? இது என்ன பல் டாக்டரா?" என்றான் ஒரெஸ்தே.

அவள் போய்க் கேட்டாள். மாணவர்களைச் சந்திக்க மேடம் ஒதுக்கிய நேரத்தில், அறை வாசலில், நானும் கூட நின்றிருந்தேன்.

"மேடம், நான் மறுபடி சொல்ல வந்திருக்கேன். எந்த நாள் வரட்டும்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எதை மறுபடி சொல்ல? மன்னிக்கணும், உங்க பேரு?"

நான்கு நாள்தான் ஆகியிருந்தது. தொனாத்தா பெயரைச் சொன்னாள், எழுத்து எழுத்தாக. மேடம் கணினியில் தேடினார். "ஆ, இருபத்தி மூணு. வேண்டாம்னுட்டீங்க. அடுத்தது ஜூலை ஒன்பது. அப்புறம் செப்டம்பர். நடுவுல நாள் கிடையாது சின்யோரீனா. இருநூறு பேருக்கு நான் தனித்தனியா நாள் குடுக்க முடியுமா?"

திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.  திரும்பி வருகிற வழியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் தொனாத்தா நின்று, "அவங்களுக்கு என் பேரே தெரியலடி" என்றாள். "என்னைப் பத்தி ஒண்ணுமே தெரியாம, இன்னும் நல்லா பண்ணுவேன்னு எப்படிச் சொன்னாங்க?"

நான் அவள் கையைப் பிடித்து ஹாஸ்டலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அடுத்த இரண்டரை வாரம் அவள் சத்தமாகப் படிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, காலையில் ஹாஸ்டல் பின்புறச் சரிவுக்குப் போய்க் குச்சி ஒடித்து வருவாள். மேசை முழுக்கக் குச்சி, ஜன்னல் விளிம்பில் குச்சி, என் செருப்பில்கூட ஒன்று. ஒருநாள் என்னை இழுத்து உட்காரவைத்தாள்.

"இங்க பாரு, இந்த வளையம் மாதிரி தழும்பு. ஒவ்வொரு வருஷமும் நுனி மொட்டோட செதில் விழுந்த இடம். ஒண்ணு, ரெண்டு, மூணு. இதுக்கு மூணு வயசு. இது நானூத்தி பன்னண்டாம் பக்கத்துலயே இருக்கு, மார்ட்சியா. நான் மனப்பாடமே பண்ணியிருக்கேன். ஆனா அது குச்சியைப் பத்திதான்னு எனக்குத் தெரியல."

ஜூலை ஒன்பது. வெயில் கொளுத்தியது. இந்தத் தடவை பட்டியலில் அவள் பெயர் இருபத்தாறாவது. பெயர் போட்ட அன்று மூன்று தடவை திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். காலையில் ஆறாவதாக ஒரெஸ்தே போய், பதினெட்டு வாங்கி, மேடம் "ஏத்துக்க..." என்று தொடங்கும்போதே "ஏத்துக்கறேன்" என்றான். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

பகல் மூன்று மணிக்குத்தான் தொனாத்தாவின் முறை வந்தது. மேடம் களைத்துப்போயிருந்தார். முதலில் குச்சியை நீட்டினார், வேறு குச்சி. தொனாத்தா விரலால் தடவி, "நாலு வருஷம் மேடம், ரெண்டாவது வருஷம் மழை கம்மி போல, கொஞ்சந்தான் வளந்திருக்கு" என்றாள். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு பெரணி பற்றிக் கேட்டார். போன மாதம் அருவி மாதிரிக் கொட்டிய பெரணி. இந்த மாதம் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை அவள். தொடங்கினாள், பாதியில் தடுமாறினாள், தலைமுறைகளை மாற்றிச் சொன்னாள், திருத்தினாள், மறுபடி மாற்றினாள். மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பதில்.

மேடம் பேனாவை மேசையில் தட்டினார். கணினியைப் பார்த்தார்.

"ஜூன்ல நான் உங்களுக்கு இருபத்தி மூணு குடுத்திருக்கேன்."

"ஆமா மேடம்."

"இன்னிக்கு இருபது. ஆனா அந்தக் குச்சிக்கு நீங்க சொன்ன பதில் இருபதுக்கான பதில் இல்லை. பெரணியைக் கொஞ்சம் பாத்துட்டு வந்தீங்கன்னா இருபத்தி ஏழு, இருபத்தி எட்டு வரும். இதை விட்டுடுங்க. செப்டம்பர்ல வாங்க. என் யோசனை அதுதான்."

இந்தத் தடவை சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார், அவள் முகத்தைப் பார்த்து, பிரியமாக. பதிமூன்று வருடம் ஆசிரியைகள் சொன்னதைக் கேட்டு நூறு வாங்கியவளிடம், முதன்முதலாக இங்கே ஓர் ஆசிரியை "வா" என்று கூப்பிடுகிறார். செப்டம்பரில். செப்டம்பரில் அவளுக்கு இந்த ஊரில் படுக்க இடம் இருக்காது.

தொனாத்தாவின் பின்கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது சிவந்துகொண்டே வந்தது. அவள் மெல்ல எழுந்து நின்றாள். வாய்மொழித் தேர்வில் யாரும் எழுந்து நிற்பதில்லை. பழக்கதோஷம்.

"இல்ல மேடம்" என்றாள். "நான் ஏத்துக்கறேன்."

"இருபதையா? நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சுட்டேன் மேடம். இருபது போதும்."

மேடம் ஒரு நொடி அவளைப் பார்த்தார். காரணம் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "உங்க இஷ்டம்" என்று விசைகளைத் தட்டினார்.

வெளியே வந்ததும் நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவள் அழவில்லை. "ஏன்டி மூக்கை என் சட்டையில துடைக்கிற" என்றாள். ஒரெஸ்தே தன் பதினெட்டைக் கொண்டாட எல்லாருக்கும் காப்பி மெஷினில் காசு போட்டுக்கொண்டிருந்தான். "தாயே, என்னைவிட ரெண்டு மார்க் கூட வாங்கிட்டே, கொஞ்சம் அடக்கமா நட" என்றான்.

எங்கள் கல்லூரி நடக்கிற பழைய மடத்து முற்றத்தின் சுவரில் உட்கார்ந்து அவள் அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனால் இன்கொரொனாத்தாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"எவ்வளவு வந்துச்சு?"

"இருபது."

"எதுக்கு?"

"முப்பதுக்கு."

"நீ நூறு வாங்கின பொண்ணுன்னு அந்த அம்மாகிட்ட சொன்னியா?"

"அவங்களுக்கு அது வேண்டாம்மா. செப்டம்பர்ல வா, இன்னும் நல்லா வரும்னாங்க."

"பின்ன? டீச்சர் சொன்னா கேக்க வேண்டியதுதானே?"

"செப்டம்பர்ல வந்தா அறை இருக்காதும்மா. இப்ப இருக்கு. இருபத்தொண்ணு ஆயிடுச்சு. அதனால மாட்டேன்னுட்டேன்."

"டீச்சர்கிட்டயா? மூஞ்சிக்கு நேராவா?"

"மூஞ்சிக்கு நேராதான்."

"அய்யோ மாதாவே. அவங்க என்ன சொன்னாங்க?"

எதிரே கல்தரையில் வெயில் தகித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் சொல்லலம்மா. பதிஞ்சுட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க."